"டாக்டர்களே ஒத்துக்கிட்டாங்களே சார்!" - லூர்து அற்புதங்களும் ஒரு தர்க்கத் தாவலும்

கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா கடைசி வரை படிங்க.

1) போன மாசம் ஓபியில் ஒரு பையன். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், மூணு கீமோ முடிஞ்சிருக்கு. "அம்மா இனிமே ஊசி வேண்டாங்கிறாங்க சார், ஜெபமே போதுமாம்" என்றான். கூடவே போனில் ஒரு வீடியோ காட்டினான். லூர்தில் நடந்த 70 அற்புதங்களை டாக்டர்களே ஆராய்ந்து உறுதி செய்துவிட்டார்களாம், ஆகவே கடவுள் நிரூபணம் ஆகிவிட்டாராம். "நீங்களும் டாக்டர்தானே, இது பொய்யா?" என்று கேட்டான்.

2) பொய்னு ஒரே வார்த்தையில் முடிச்சிருக்கலாம். ஆனா அது நேர்மையான பதில் இல்லை. அந்த வீடியோவில் இருந்த தகவல்கள் பெரும்பாலும் உண்மை. கோளாறு, தகவலிலிருந்து முடிவுக்குத் தாவிய இடத்தில் இருக்கு. அதுக்கு வரலாறு கொஞ்சம் தெரியணும்.

3) 1858 பிப்ரவரி 11. பிரான்சின் தென்மேற்கே, பிரனீஸ் மலையடிவாரத்தில் லூர்து என்ற சிற்றூர். பெர்னதெத் என்ற 14 வயது ஏழைப் பெண், குகை ஒன்றில் ஒரு பெண்ணுருவைக் கண்டதாகச் சொன்னாள். ஜூலை வரை மொத்தம் 18 காட்சிகள். குகை ஊற்றுத் தண்ணீரால் நோய் தீர்ந்ததாகச் செய்தி பரவ, கூட்டம் குவிந்தது. 1862இல் ஆயர் 7 குணமாதல்களை அங்கீகரித்தார்.

4) 1883இல் அங்கே ஒரு மருத்துவ அலுவலகமே அமைத்தார்கள். எந்த மதத்து மருத்துவரும், மதமே இல்லாதவரும்கூட வந்து கோப்புகளைப் பார்க்கலாம். விதிகளும் கடுமை. நோய் தீவிரமா இருக்கணும். மருந்தால் குணமாகியிருக்கக் கூடாது. திடீரென்று, முழுசா குணமாகணும். திரும்ப வரவும் கூடாது. இந்த அளவுகோல்கள் 18ஆம் நூற்றாண்டில் லாம்பர்த்தினி வகுத்தவை. பின்னாளில் அவரே பதினான்காம் பெனடிக்ட் போப் ஆனார்.

5) 7,000க்கும் மேற்பட்ட கோப்புகள் வந்தன. 2018இல் 70ஆவது அற்புதம் அறிவிக்கப்பட்டது. அந்தக் கன்னியாஸ்திரி 2008இல் குணமானவர், பத்து வருஷம் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆகவே "எல்லாம் ஏமாற்று வேலை"ன்னு சிரிக்கிறவங்களோடு நான் சேரமாட்டேன்.

6) இப்போ தாவலுக்கு வருவோம். மூணு வாக்கியங்கள் இருக்கு, தனித்தனியா பாருங்க.
அ. மருத்துவக் குழு சொல்வது: "இன்றைய மருத்துவ அறிவால் இதை விளக்க முடியவில்லை."
ஆ. ஆயர் சொல்வது: "இது இறைவன் தந்த அடையாளம்."
இ. வீடியோ சொல்வது: "கடவுள் இருப்பதை டாக்டர்கள் நிரூபித்துவிட்டார்கள்."

7) முதல் வாக்கியம் மட்டுமே மருத்துவம். ரெண்டாவது விசுவாசம், அதை ஆயர் மருத்துவர்களைச் சொல்லச் சொல்வதில்லை. மூணாவதை யாருமே சொல்லலை! நம்பிக்கையை வாதத்தால் நிறுவும் அப்பாலஜெட்டிக்ஸ் பேச்சாளர்கள் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். "காரணம் தெரியலை" என்பது ஒரு காலியிடம். அதில் நமக்குப் பிடித்த பெயரை எழுதிவிட்டால் அது விடை ஆகிவிடாது.

8) அடுத்து, எந்த மருத்துவ ஆய்வைப் படித்தாலும் நாங்க முதலில் கேட்பது: "எத்தனை பேரில்?" கார்ல் சேகன் 1995இல் வெளியான தன் நூலில் இதைக் கணக்குப் போட்டார். லூர்துக்கு வந்தவர்கள் சுமார் 10 கோடி, அதில் 5 சதவீதம் புற்றுநோயாளிகள் என்று வைத்துக்கொண்டார். கட்டி தானாகவே மறைவது பத்தாயிரத்தில் ஒருவருக்கோ லட்சத்தில் ஒருவருக்கோ நடக்கும். அப்படியானால் எந்த அற்புதமும் இல்லாமலே 50 முதல் 500 பேர் குணமாகியிருக்கணும். ஆனா அங்கீகரிக்கப்பட்டதில் புற்றுநோய் அப்போது மூணே மூணு. 5 சதவீதம் அவருடைய ஊகம்தான், குழுவின் கடும் வடிகட்டலையும் அவர் கணக்கில் சேர்க்கலை. ஆனாலும் கேள்வி சரியானது. குணமாகாமல் வீடு திரும்பிய கோடிக்கணக்கானவர்களை எந்த வீடியோவும் காட்டுறதில்லை.

9) மூணாவது சோதனை: இதே ஆதாரம் வேறொருவரிடம் இருந்தால் ஏற்பீர்களா? 1727இல் பாரிஸில் ஃபிரான்சுவா தெ பாரி என்ற திருத்தொண்டர் இறந்தார். அவர் ஜான்செனியர், அதாவது போப் கண்டித்த பிரிவைச் சேர்ந்தவர். செயின்ட்-மெதார் கல்லறையில் அவர் சமாதியைத் தொட்டவர்கள் குணமானதாகச் சாட்சிகள் குவிந்தன. 1732இல் அரசர் கல்லறையையே மூடினார். மோன்ழெரோன் என்ற நீதிமன்ற அதிகாரி சாட்சியங்களைத் தொகுத்து 1737இல் அரசரிடமே கொடுத்தார். கிடைத்த பரிசு, பாஸ்தீல் சிறை!

10) டேவிட் ஹியூம் 1748இல் அற்புதங்கள் பற்றி எழுதியபோது இந்தச் சம்பவத்தைத்தான் எடுத்தார். இவ்வளவு சாட்சி இருந்தும் திருச்சபை அதிகாரிகள் இதை ஏற்கவில்லையே? எதிர் அணியின் அற்புதம் என்றால் நாம் எல்லோருமே நல்ல சந்தேகவாதிகள்தான். அந்தச் சந்தேகத்தை நம் வீட்டு அற்புதத்தின் மீதும் வைக்கணும், அவ்வளவுதான். இது எல்லா மதத்துக்கும் பொருந்தும். என் ஓபிக்கு எல்லா சாமியின் பிரசாதமும் வருது!

11) இதனால் கடவுள் இல்லைன்னு நிரூபணம் ஆயிடுச்சா? இல்லை. நான் அப்படிச் சொன்னா, நானும் அதே தாவலைத் தலைகீழா தாவுறேன்னு அர்த்தம். இந்த ஒரு வாதம் அந்தப் பாரத்தைத் தாங்காது என்பது மட்டும்தான் என் கட்சி.

12) பையனிடம் சொன்னது இதுதான். "அம்மா ஜெபம் பண்ணட்டும், அதில் நான் குறுக்கே வரமாட்டேன். ஆனா கத்தோலிக்கத் திருச்சபையே மருந்தை நிறுத்தச் சொல்வதில்லை, இந்த வீடியோதான் சொல்லுது. அந்த 70 பேரும் உண்மைன்னே வச்சுக்கோ, 2018 வரையிலான 160 வருஷத்தில் 70. இந்த ஊசியால் பிழைச்சவங்க இந்த வார்டிலேயே இருக்காங்க, கூட்டிட்டு வந்து பேசவை."

13) நாலாவது கீமோவுக்கு அந்த அம்மா வந்தாங்க. ஒரு கையில் ஜெபமாலை, இன்னொரு கையில் டிரிப்ஸ். எனக்கு அது போதும்.

உங்க வீட்டிலும் யாராவது இப்படி ஒரு வீடியோவைக் காட்டி மருந்தை நிறுத்தப் போறேன்னா, திட்டாதீங்க. "எத்தனை பேரில்?"னு மட்டும் கேளுங்க. அப்புறம் டாக்டர்கிட்ட கூட்டிட்டு வாங்க.