நிலைமாற்ற இயன்முறை மருத்துவ முனைவர் பட்டம்

நிலைமாற்ற இயன்முறை மருத்துவ முனைவர் பட்டம் என்பது, ஐக்கிய அமெரிக்காவில் இளநிலை அல்லது முதுநிலைப் பட்டத்துடன் ஏற்கனவே உரிமம் பெற்றுப் பணிபுரியும் இயன்முறை மருத்துவர்கள், பணியை விடாமல் பகுதிநேரமாகப் படித்துப் பெறும் தொழில்முறைப் பட்டம் ஆகும். பிசியோதெரபி எனப் பரவலாக அறியப்படும் துறையே இங்கு இயன்முறை மருத்துவம் எனப்படுகிறது. இப்படிப்பு பெரும்பாலும் இணையவழியில் நடத்தப்படுகிறது. இப்பட்டத்தை அங்குள்ளோர் சுருக்கமாக டி.பி.டி. என்பர். இது பிஎச்.டி. போன்ற ஆய்வுப் பட்டம் அன்று. இதற்குப் பொதுவாக ஆய்வேடு தேவையில்லை.

பின்னணி

அமெரிக்காவில் இத்துறை முதலாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்குச் சிகிச்சையளித்த பெண் உதவியாளர்களிடமிருந்து வளர்ந்தது. அவர்களின் சங்கம் 1921 இல் மேரி மக்மில்லன் தலைமையில் உருவானது. இன்றைய அமெரிக்க இயன்முறை மருத்துவச் சங்கம் அதன் தொடர்ச்சியே. தொடக்கத்தில் சான்றிதழ்ப் படிப்பாக இருந்தது பின்னர் இளநிலைப் பட்டமாகவும், அதன்பின் முதுநிலைப் பட்டமாகவும் உயர்ந்தது. நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாகா நகரிலுள்ள கிரெய்டன் பல்கலைக்கழகம் 1993 இல் இதையே தொடக்கநிலை முனைவர் பட்டமாகத் தொடங்கியது. 2000 ஆம் ஆண்டில் சங்கம் வெளியிட்ட "தொலைநோக்கு 2020", வருங்காலத்தில் இச்சிகிச்சையை முனைவர் பட்டம் பெற்றோரே வழங்குவர் என அறிவித்தது. கல்லூரிகளுக்கு அங்கீகாரம் அளிக்கும் ஆணையமும், 2015 இறுதிக்குள் எல்லாத் தொடக்கநிலைப் படிப்புகளும் டி.பி.டி. ஆக மாறவேண்டும் எனக் கெடு விதித்தது.

இதனால் ஒரு சங்கடமான நிலை உருவானது. இருபது ஆண்டு அனுபவமுள்ள ஒருவர் இளநிலைப் பட்டத்துடன் இருக்க, அவரிடம் பயிற்சிக்கு வரும் மாணவர் சில மாதங்களில் முனைவர் ஆகிவிடுவார். இந்த இடைவெளியை நிரப்பவே நிலைமாற்றப் படிப்புகள் தோன்றின. ஏ.டி. ஸ்டில் பல்கலைக்கழகம், புனித அகஸ்டின் பல்கலைக்கழகம், யூட்டிக்கா, ஆர்கேடியா முதலியவை இத்தகைய படிப்புகளை நடத்தியுள்ளன.

பட்டம் மாற்றுவதும் மாற்றாததும்

இப்பட்டத்தைப் பற்றி மாணவர்கள் முதலில் அறியவேண்டியது, இது உரிமத்தை மாற்றுவதில்லை என்பதாகும். உரிமத்துக்கான தேசியத் தேர்வு அனைவருக்கும் ஒன்றே. அதில் தேறி உரிமம் பெற்ற இளநிலைப் பட்டதாரியும் முனைவரும் சட்டப்படி ஒரே சிகிச்சைகளைத்தான் செய்யலாம். முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், சிகிச்சையின் குறியீட்டுக்குப் பணம் தருகிறதே அன்றிச் செய்தவரின் பட்டத்துக்கு அன்று. ஆகவே, படித்து முடித்த மறுநாளே ஊதியம் உயரும் என எதிர்பார்த்துக் கடன் வாங்குவோர் ஏமாற நேரும். ஒருவர் தம் பெயருக்குப் பின் முதலில் உரிமத்தைக் குறிக்கும் பி.டி. என்பதையும் அடுத்து டி.பி.டி. என்பதையும் எழுதவேண்டும் என்பது சங்கத்தின் பரிந்துரை. எது முதன்மையானது என்பதை இவ்வரிசையே காட்டிவிடுகிறது.

அப்படியானால் எதற்காகப் படிக்கவேண்டும்? இதற்கான விடை நேரடி அணுகல் என்ற கருத்தில் உள்ளது. மருத்துவரின் பரிந்துரைச் சீட்டு இல்லாமலேயே நோயாளி இயன்முறை மருத்துவரிடம் செல்லலாம் என்பதே நேரடி அணுகல். 1957 இல் நெப்ராஸ்காவில் சட்டமான இது, 2015 இல் மிச்சிகனிலும் நடைமுறைக்கு வந்தபோது, ஏதேனும் ஒரு வடிவில் ஐம்பது மாநிலங்களிலும் பரவிவிட்டது. முன்பு நோயை அறிந்து அனுப்புவது மருத்துவரின் பொறுப்பு. இப்போதோ, நோயாளியை முதலில் காண்பவர் இயன்முறை மருத்துவராகவே இருக்கக்கூடும். 1980களில் படித்த ஒருவருக்குக் கல்லூரியில் இதற்கான பயிற்சி போதிய அளவு கிடைத்திருக்காது.

பாடங்கள்

பாடத்திட்டத்தின் மையம் நோய்களை வேறுபடுத்தி அறிதலாகும். முதுகுவலியுடன் வருவோரில் மிகப் பெரும்பாலானோருக்கு ஆபத்தான காரணம் எதுவும் இருப்பதில்லை. ஆனால் முன்பு புற்றுநோய் இருந்தவர், காரணமின்றி எடை குறைந்தவர், படுத்தாலும் தணியாத இரவு வலி உள்ளவர் ஆகியோரை உடனே மருத்துவரிடம் அனுப்பவேண்டும். முதுகுவலியோடு சிறுநீர் கட்டுப்பாடு இழப்பும் தொடைகளின் உட்புறத்தில் மரத்துப்போதலும் சேர்ந்தால், அது முதுகுத்தண்டின் அடியிலுள்ள நரம்புக்கற்றை நசுங்குவதன் அறிகுறியாகலாம். அவருக்குத் தேவை உடற்பயிற்சி அன்று, அவசர சிகிச்சை. கெண்டைக்கால் வலி தசைப்பிடிப்பா, ஆழ்சிரையில் இரத்தம் உறைந்ததா என்பதும் இவ்வாறே உயிருடன் தொடர்புள்ள கேள்வியாகும்.

மருந்தியல் பாடத்தின் பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டு: பீட்டா தடுப்பான் வகை மாத்திரை உட்கொள்பவரின் நாடித்துடிப்பு, எவ்வளவு உழைத்தாலும் வழக்கம்போல் உயராது. வயதைக் கொண்டு இலக்குத் துடிப்பைக் கணக்கிட்டு, அதை எட்டும்வரை அவரை நடக்கவைத்தால் அளவுக்கு மீறிய சுமை ஏற்றியதாகும். இத்தகையவருக்கு, உழைப்பின் கடுமையை அவரே 6 முதல் 20 வரையான எண்ணால் கூறும் போர்க் அளவுகோல் பொருத்தமானது. இதுபோலவே, நீண்டகாலம் ஸ்டீராய்டு உட்கொண்டவரின் எலும்பு வலுவிழந்திருக்கலாம் என்பதால், அவரது முதுகெலும்பை விசையுடன் அழுத்தும் சிகிச்சையைத் தவிர்க்கவேண்டும்.

படிமவியலில் கற்கும் முதன்மையான செய்தி, படத்தில் தெரிவதெல்லாம் நோயன்று என்பதாகும். முதுகுவலியே இல்லாதவர்களின் படங்களைத் தொகுத்து 2015 இல் வெளியான ஆய்வொன்றில், இருபது வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் எண்பது வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் முள்ளெலும்பு இடைவட்டில் தேய்மானம் காணப்பட்டது. எம்.ஆர்.ஐ. அறிக்கையைக் கண்டு அஞ்சும் நோயாளிக்கு இதை எடுத்துச்சொல்வதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. இவை தவிர சான்றுசார் மருத்துவம், நலவாழ்வு மேம்பாடு, நிர்வாகம் ஆகியனவும் உண்டு. இறுதியில் பெரும்பாலும் தாம் சிகிச்சையளித்த ஒருவரைப் பற்றிய நோயாளர் அறிக்கையோ ஒரு செயல்திட்டமோ அளிக்கவேண்டும்.

பணியும் படிப்பும்

செவ்வாய் இரவு படித்த பரிசோதனையைப் புதன் காலை கிளினிக்கில் செய்துபார்க்க முடிவது, முழுநேர மாணவருக்கு எளிதில் கிட்டாத வாய்ப்பு. நேரம்தான் சிக்கல். அமெரிக்க வழக்கில் ஒரு கிரெடிட் என்பது ஏறத்தாழ 15 வாரங்களுக்கு வாரம் ஒரு மணி வகுப்பும் இரண்டு மணி தனிப்படிப்பும், அதாவது 45 மணி நேரம். 24 கிரெடிட் கொண்ட படிப்பென்றால் 1080 மணி நேரம். வாரம் 12 மணி ஒதுக்கினால் 90 வாரங்கள் ஆகும். வாரம் நாற்பது மணி நோயாளிகளைக் கண்டு, குறிப்பெழுதி, குழந்தைகளைத் தூங்கவைத்தபின் கிடைக்கும் நேரம் இது என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை. முதுநிலைப் பட்டம் உள்ளோருக்குப் பொதுவாகக் கிரெடிட் குறைவு.

கைத்திறனை இணையவழியில் எவ்வாறு கற்பது என்ற ஐயம் நியாயமானதே. மாணவர் ஏற்கனவே உரிமம் பெற்றவர் என்பதால், விடுபட்ட அறிவை நிரப்புவதே இங்கு நோக்கம். சில கல்லூரிகள் நேரில் வந்து செய்யும் சில நாள் பயிற்சியையும் சேர்த்துள்ளன. குறிப்பிட்ட ஒரு பிரிவில் கைத்திறனையும் அறிவையும் ஆழப்படுத்த விரும்புவோருக்குச் சிறப்புநிலைச் சான்றிதழ் தேர்வே ஏற்றது எனக் கருதுவோரும் உளர்; அக்கருத்தில் உண்மை உண்டு.

அங்கீகாரம்

மேற்கூறிய ஆணையம் உரிமத்துக்கு வழிவகுக்கும் தொடக்கநிலைப் படிப்புகளை மட்டுமே மதிப்பிடுகிறது. நிலைமாற்றப் படிப்புகளை மதிப்பிடுவதில்லை. எனவே சேரவிரும்புவோர் கல்லூரியின் நிறுவன அங்கீகாரத்தைப் பார்க்கவேண்டும். 2016 முதல் புதிய பட்டதாரிகள் அனைவரும் டி.பி.டி. உடனேயே வருவதால், இப்படிப்புக்கு உரியோரின் எண்ணிக்கை ஆண்டுதோறும் சுருங்குகிறது.

வெளிநாட்டில் படித்தோர்

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் பி.பி.டி. பட்டம் பெற்று அமெரிக்கா செல்வோரிடையே, இந்த இணையவழிப் பட்டமே உரிமம் பெற்றுத்தரும் என்ற தவறான எண்ணம் உண்டு. உண்மையில் அவர்களின் இளநிலைப் படிப்பு பாடம் பாடமாக அமெரிக்கத் தொடக்கநிலைப் பட்டத்துடன் ஒப்பிடப்படும். குறையுள்ள பாடங்களைத் தனியே படித்து நிரப்பி, தேசியத் தேர்விலும் தேறவேண்டும். குறைப் பாடங்களில் சிலவற்றை நிலைமாற்றப் படிப்பின் வழியாக நிரப்பியோர் உளர். எனினும் எந்தப் பாடம் ஏற்கப்படும் என்பதைத் தாம் விண்ணப்பிக்கும் மாநிலத்தின் உரிம வாரியத்திடம் கட்டணம் செலுத்தும் முன்பே எழுத்தில் கேட்டுப்பெறுதல் வேண்டும்.