பனிக்குள் காடு, பனிக்கு வெளியே காடு

ஏலூரில் ஜனவரி விடியலிலும் வெப்பம் இருபது டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். பெரியாற்றின் கிளைகளுக்கு நடுவே கிடக்கும் இந்தத் தொழிற்சாலைத் தீவுக்காரர்கள் பனி பார்க்க ஆலுவா, கோதமங்கலம், அடிமாலி வழியாக மூணாறுக்கு ஏறுகிறார்கள். கனடாவில் சொந்தம் உள்ள தமிழர்களுக்கு ஸ்கார்பரோ பக்கத்து ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா பழக்கமான பெயர். இரண்டு இடத்துப் படங்களும் வாட்ஸ்அப்பில் 'பனிக்காட்டில் நடை' என்றே வருகின்றன. ஆனால் மூணாறு படத்தை உற்றுப் பாருங்கள்: வெள்ளை இருக்கும், காடு இருக்காது.

ரூஜில் விழுவது ஸ்நோ. மேகத்திலிருந்து கொட்டி, இலையுதிர்த்த மேப்பிள் கிளைகளினூடே தரைவரை இறங்குகிறது. துகள்களுக்கிடையே காற்றைப் பிடித்து வைத்திருப்பதால் அது மண்ணுக்குக் கம்பளி மாதிரி. விதையும் நாற்றும் எலியும் அதற்கடியில் குளிர்காலத்தைக் கழித்துவிடும்.

மூணாறில் எதுவும் விழுவதில்லை. மேகமில்லாத, காற்றசையாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு இழக்கிறது; குளிர்ந்த காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்க, அங்கே புல்லிலும் தேயிலையிலும் ஈரம் உறைகிறது. செண்டுவரை, குண்டளை எஸ்டேட்டுகளின் தாழ்வான இடங்கள் வெளுத்துக் கிடக்கும்போது மேட்டுச்சரிவு பச்சையாகவே இருப்பதுண்டு. உயரம் கூடினால் பனியும் கூடும் என்ற கணக்கு இங்கே பலிக்காது. பக்கத்துச் சோலைக்காட்டுக்குள் நுழைந்தால் வெள்ளையே இல்லை. நெருக்கமான இலைக்கூரை தரைச்சூட்டை வெளியே விடாது. சோலை மரத்தின் நாற்று புல்வெளியில் முளைத்தால் இந்த உறைபனிதான் அதைக் கொல்கிறது, அதனால்தான் காடு மலைமடிப்புகளுக்குள்ளேயே ஒடுங்கிக் கிடக்கிறது என்பது ஒரு கருத்து. வன அதிகாரி சி. ஆர். ரங்கநாதன் நீலகிரியை வைத்து 1938இல் எழுதியது. தீயும் காற்றும் மண்ணும் காரணம் என்பவர்களும் உண்டு. வழக்கு இன்னும் முடியவில்லை. எப்படியானாலும், ரூஜில் நாற்றைப் போர்த்துவதும் மூணாறில் நாற்றைக் கருக்குவதும் நம் வாயில் ஒரே 'பனி'தான்.

அமைதியிலும் வித்தியாசம் உண்டு. புதிதாக விழுந்த ஸ்நோ ஒலியை உறிஞ்சிவிடும். ரூஜில் பக்கத்துச் சாலையின் இரைச்சல்கூட மங்கிப்போகிறது. உறைபனிக்கு அந்தக் குணம் கிடையாது. மூணாறின் அமைதி காற்றில்லாததால் வந்தது, வெயில் ஏறும்வரைதான் ஆயுள். அதற்கு முன்பே, பனி பார்க்க வந்த ஜீப்புகள் அதைக் கலைத்துவிடும்.

நடக்கிற வசதியை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் ரூஜ்தான். கட்டணம் இல்லை, கப்பல் பாய்மரத்துக்காக மரம் வெட்டி இழுத்த பழைய தடமே இன்று 'மாஸ்ட்' நடைபாதை. இளகி மறுபடி உறைந்த இடங்களில் மட்டும் சறுக்கும், காலணியில் முள் மாட்டினால் போதும். மூணாறில் நினைத்த இடத்தில் நடக்க முடியாது. இரவிகுளம் தேசியப் பூங்காவில் வனத்துறை பஸ் இறக்கிவிடும் இடத்திலிருந்து கொஞ்ச தூரத் தார்ப்பாதைதான். எஸ்டேட் வழிகளில் படையப்பா என்ற கொம்பன் யானை எந்த வளைவில் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் எனக்குப் பிடித்தது மூணாறுதான். கால் விறைக்கும் வெள்ளைப் புல்லிலிருந்து நாலடி வைத்தால் பாசி மணக்கும், வெதுவெதுப்பான இருட்டுக் காடு. இந்த எல்லையைக் கடக்கும் சுகத்தை ரூஜ் தராது.

இந்த ரசனையைத் தோட்டத் தொழிலாளியிடம் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. பனி பட்ட தேயிலை வெயில் ஏறியதும் கருகிப் பழுப்பாகிவிடும். புதுக் கொழுந்து வர வாரக்கணக்காகும். அதுவரை, தினசரி அளவுக்கு மேல் பறித்தால் கிடைக்கும் கூடுதல் காசு கையில் சேராது. 'இந்த வருஷம் நல்ல பனி' என்று செய்தி வந்தால் லாட்ஜுகள் நிரம்புகின்றன. அதே செய்தி, பெரும்பாலும் தமிழர்கள் வாழும் தொழிலாளர் லயங்களில், மெலிந்த சம்பளக் கவராக வந்து சேர்கிறது.