பாஸ்டனின் கல் மண்டபம்: ட்ராலி பூமிக்குள் இறங்கிய கதை

இந்த எபிசோடில் நாம பேசப்போறது ஒரு சின்னக் கட்டடத்தைப் பற்றி. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் 'பாஸ்டன் காமன்' என்று ஒரு பழைய பூங்கா இருக்கு. அதன் ஓரத்தில் கிரானைட் கல்லால் கட்டிய மண்டபங்கள் சில நிற்கின்றன. உள்ளே நுழைந்தால் ஹால் எல்லாம் கிடையாது, நேராகப் படிக்கட்டுதான். பாய்ல்ஸ்டன், பார்க் ஸ்ட்ரீட் என்ற இரண்டு ட்ராலி நிலையங்களின் வாசல்கள் அவை. 1897 செப்டம்பர் 1 அன்று திறக்கப்பட்ட இந்த வழித்தடத்தைத்தான் அமெரிக்காவின் முதல் சப்வே என்று சொல்கிறார்கள்.

ட்ராலின்னதும் ஏர்போர்ட்டில் பெட்டி தள்ளுற வண்டியை நினைக்காதீங்க. கூரையிலிருந்து ஒரு கம்பு நீண்டு, மேலே போகும் மின்கம்பியைத் தொட்டபடி ஓடுமே, அந்த டிராம் வண்டிக்குத்தான் அமெரிக்காவில் ட்ராலி என்று பெயர்.

எள் விழ இடமில்லாத தெரு

பாஸ்டனில் முதலில் குதிரைகள்தான் டிராம் இழுத்தன. 1889இல் மின்சார ட்ராலி வந்தது. வேகம் கூடியது, கூட்டமும் கூடியது. பல திசைகளிலிருந்து வரும் வண்டிகள் ட்ரெமான்ட் தெருவில் வந்து மாட்டிக்கொள்ளும். வண்டிக் கூரைகள் மேலேயே நடந்து தெருவின் கடைசி வரைக்கும் போயிடலாம் என்று அன்றைக்குக் கிண்டல் பண்ணுவாங்களாம்.

தெருவை அகலப்படுத்தலாமே என்று கேட்கலாம். அப்படிச் செய்தால் பூங்காவை வெட்ட வேண்டும். 1634 முதல் ஊருக்கே பொதுவாக இருக்கும் நிலம் அது. அதை விட்டுக்கொடுக்க மக்கள் தயாராக இல்லை. மிச்சமிருந்த வழிகளில் ஒன்று, வண்டிகளைத் தரைக்குக் கீழே அனுப்புவது. தெருவைத் தோண்டினால் வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் சங்கம் வைத்தே எதிர்த்தார்கள். 1894இல் பொது வாக்கெடுப்பு நடந்தது. சின்ன வித்தியாசத்தில்தான் சப்வே ஜெயித்தது.

தோண்டியபோது

1895 மார்ச்சில் வேலை தொடங்கியது. தெருவை மேலிருந்து வெட்டி, உள்ளே சுரங்கம் கட்டி, திரும்ப மூடும் முறை. பாய்ல்ஸ்டன் தெருப் பக்கம் ஒரு பழைய இடுகாடு உண்டு. அதன் ஓரத்தைத் தோண்டத் தோண்ட எலும்புகள் வந்தன. சுமார் 910 பேருடைய எச்சங்களை எடுத்து, மறுபடியும் அதே இடுகாட்டில் புதைத்தார்கள்.

1897 மார்ச் 4 அன்று இன்னொரு இழப்பு. பாய்ல்ஸ்டன் தெருவும் ட்ரெமான்ட் தெருவும் சந்திக்கும் இடத்தில், கசிந்த எரிவாயு தரைக்கடியில் தேங்கியிருந்தது. அது வெடித்து 10 பேர் இறந்தார்கள். மேலே போன ட்ராலியிலிருந்து பறந்த தீப்பொறிதான் காரணம் என்று சொல்லப்பட்டது. ஆறே மாதத்தில் அதே இடத்துக்குக் கீழே பயணிகள் இறங்க வேண்டும். யோசித்துப் பாருங்க, உங்களுக்குத் தைரியம் வருமா?

கல் எதற்கு?

அந்த மண்டபங்களை நான் இந்தக் கேள்வியோடுதான் பார்க்கிறேன். லண்டனில் 1863லேயே சுரங்க ரயில் ஓடியது. ஆனால் அது நீராவி இன்ஜின், அதனால் உள்ளே ஒரே புகை. மின்சார ட்ராலிக்குப் புகை இல்லை. ஆனாலும் பூமிக்கு அடியில் இருட்டு, ஈரம், கெட்ட காற்று என்ற பயம் போகவில்லை. அதனால் உள்ளே வெள்ளை எனாமல் செங்கல் பதித்து, மின்விளக்குப் போட்டு, காற்றை வெளியேற்ற மின்விசிறிகள் வைத்தார்கள்.

வெளியே கட்டடக் கலைஞர் எட்மண்ட் வீல்ரைட் கனமான கிரானைட் மண்டபங்களை எழுப்பினார். "இது உறுதியானது, நம்பி இறங்கலாம்" என்று அந்தக் கல் சொல்வதாக எனக்குத் தோன்றுகிறது. வேடிக்கை என்னன்னா, பார்த்தவர்களில் சிலர் "கல்லறை மாதிரி இருக்கே" என்று குறை சொன்னார்கள்! இடுகாடு பக்கத்திலேயே இருந்தது, வெடிவிபத்தும் யாருக்கும் மறந்திருக்காது. அப்படித் தோன்றியதில் ஆச்சரியமே இல்லை.

இன்றைக்கும் ஓடுகிறது

ஒதுக்கிய 50 லட்சம் டாலரை விடக் குறைவான செலவில் வேலை முடிந்தது. ட்ரெமான்ட் தெருவின் மேலிருந்த தண்டவாளங்களை எடுத்துவிட்டார்கள். பூங்காவும் பிழைத்தது. இப்போது 'கிரீன் லைன்' என்ற பெயரில் ட்ராலிகள் அதே சுரங்கத்தில் ஓடுகின்றன. பாய்ல்ஸ்டன் பக்கத்தில் இருக்கும் குறுகிய வளைவில் திரும்பும்போது சக்கரங்கள் கிறீச்சிடும் சத்தம் காதைத் துளைக்கும்.

1964இல் இது தேசிய வரலாற்றுச் சின்னமானது. பெருமைதான். ஆனால் பாய்ல்ஸ்டனில் திறந்து நூறு வருஷம் தாண்டியும் லிஃப்ட் வரவில்லை. ஊருக்கே பொதுவான நிலத்தைக் காப்பாற்றக் கட்டிய நிலையத்துக்குள், சக்கர நாற்காலியில் வருபவரால் இறங்க முடியவில்லை. என்னைக் கேட்டால், பழைய கல்லைக் காப்பாற்றுவது எவ்வளவு முக்கியமோ, எல்லோரும் உள்ளே போக வழி செய்வதும் அவ்வளவு முக்கியம். 1894இல் அந்த மக்கள் ஓட்டுப் போட்டதும் பொது இடம் எல்லோருக்கும் வேண்டும் என்றுதானே?

நீங்க என்ன நினைக்கிறீங்க, சொல்லுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.