டயரின் ஆயுளும் மலாக்காவின் பால்மரமும்

சென்ற ஆண்டு எங்கள் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கெனப் பந்தல் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஜாசினிலிருந்து மெர்லிமாவ் நோக்கி வருகையில், பிக்கப் வண்டியின் பின்சக்கரம் வெடித்தது. யாருக்கும் காயமில்லை. வண்டி என் மைத்துனருடையது, ஓட்டியவன் நான். புறப்படுமுன் டயரைப் பார்க்கவும் பார்த்தேன். டயர்மேல் உள்ள வரிகளை மலாய்மொழியில் பூ என்பர். அழகான சொல், நானும் அதையே ஆள்கிறேன். அப் பூவின் பள்ளத்தில் நாணயம் ஒன்றைச் செருகிப் பார்த்து, 'ஆழம் போதும்' என்று தீர்ப்புக் கூறியவனும் நான்தான். வெடித்த டயரைக் கழற்றிப் புரட்டியபோது பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் தெரிந்தன. டயர் உருவான வாரத்தையும் ஆண்டையும் குறிப்பவை அவை. வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்தபோது பூட்டியிருந்த அதே டயர்; வயது எட்டு. ஓடியதோ மிகக் குறைவு.

ஓடாத டயர் ஏன் கெட வேண்டும்? இக் கேள்விக்கு விடை தேடப் புகுந்தவன், நம் மலாக்காவின் வரலாற்றிலேயே வந்து நின்றேன்.

டயரின் கதையைப் பாடநூல்கள் சிலருடைய பெயர்களோடு முடித்துவிடுகின்றன. 1839இல் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தும் வழியைக் கண்ட சார்லஸ் குட்இயர். 1845இல் காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்ற தாம்சன். அதனை மறந்திருந்த உலகுக்கு 1888இல் மீண்டும் கொணர்ந்த டன்லப். இவர்கள் பெருமைக்குரியோரே. ஆனால் டயர் என்பது கண்டுபிடிப்பு மட்டுமன்று, அது பால். பால் எங்கிருந்து வந்தது என்று கேட்டால்தான் கதை முழுமை பெறும்.

1876இல் விக்காம் என்பார் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்றார். அவ்வழி வந்த கன்றுகளில் சில அடுத்த ஆண்டே சிங்கப்பூர் வந்தன. அங்கே தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். கண்ட தோட்டக்காரரிடமெல்லாம் விதைகளைக் கொடுத்து 'நடுங்கள்' என்று வற்புறுத்தியதால், 'பைத்தியக்கார ரிட்லி' என்ற பட்டமும் அவருக்குக் கிடைத்தது. அவர் சொல்லைக் கேட்டவர்களில் முதல்வர் மலாக்காச் சீனர் டான் சாய் யான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் அவர் ரப்பர் நட்டார். மலாயாவில் வாணிக நோக்கோடு எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே. அதன்பின் லேடாங் மலையடிவாரத்தில் புக்கிட் அசாகானில் இன்னும் பெரிதாக நட்டார். அதுகாறும் மலாக்காவின் மண் மரவள்ளிக்கும் கம்பீருக்கும் உரியதாயிருந்தது. மரவள்ளி மண்ணை உறிஞ்சித் தீர்த்துவிட்டிருந்தது. (அவர் பெயரால் வாண்டா இனத்து ஆர்க்கிட் மலர் ஒன்றும் உண்டு. தோட்டத்தில் பிறந்த நமக்கு மரம் தெரியும், மலர் தெரியாது.) நம்மவர் பெருந்தொகையாக வந்தது பின்னர், ஆங்கிலக் கம்பெனிகள் நிலம் பிடித்த காலத்தில், கங்காணிகளின் வழியே.

அக்காலத்து டயர் எவ்வளவு ஓடியது? 1895இல் மிஷெலின் சகோதரர்கள் பாரிசிலிருந்து போர்தோ சென்று மீளும் ஏறத்தாழ 1,200 கி.மீ. பந்தயத்தில் காற்றடைத்த டயருடன் மோட்டார் வண்டியை ஓட்டினர். வழிநெடுக டயர் பழுதானதில் குறித்த நேரத்துக்குள் அவர்களால் வந்து சேர இயலவில்லை. அதன் பின்னும் பல ஆண்டுகள், சில ஆயிரம் மைல் ஓடிய டயரே நல்ல டயர் எனப்பட்டது.

அந்த ஆயுளை நீட்டியவற்றுள் தலையாயது கரி. தொடக்கத்தில் டயர்கள் வெளிறிய நிறமுடையவை. துத்தநாக ஆக்சைடு சேர்ப்பது வழக்கம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மிக நுண்ணிய கரித்தூளைச் சேர்த்தால் ரப்பர் தேய்மானத்தைப் பன்மடங்கு தாங்கும் என்று இங்கிலாந்தில் கண்டனர். இன்று டயர் கறுப்பாயிருப்பது அழகுக்காக அன்று. அடுத்தது உள்ளிருக்கும் நூல். ஊடும் பாவுமாக நெய்த பருத்தித் துணி உள்ளே ஒன்றோடொன்று உராய்ந்து தானே அறுந்தது. ஒரே திசையில் செல்லும் நூலடுக்கு வந்தபின் அத்தொல்லை நீங்கியது. 1946இல் மிஷெலின் நிறுவனம் காப்புரிமை பெற்ற ரேடியல் டயர் மூன்றாவது பெரும்படி. பக்கச்சுவர் வளையவும், எஃகு வார் இறுக்கிய பூ தரையில் பரந்து படியவும் அது வழிசெய்தது. பிக்கப் வண்டிகளுக்கு அது வந்து சேர மேலும் சில பத்தாண்டுகள் பிடித்தன.

இவ்விடத்தில் ஆசிரிய நண்பர்கள் எண்ணிப் பார்க்க ஒன்றுண்டு. டயர் நெடுநாள் உழைத்தால் வண்டிக்காரனுக்கு ஆதாயம், பால்வெட்டுத் தொழிலாளிக்கு? ஒரு மைலுக்குத் தேவைப்படும் ரப்பர் குறைகிறதன்றோ! 1922இல் தொடங்கிய ஸ்டீவன்சன் திட்டம் விளைச்சலைக் கட்டுப்படுத்தி விலையை ஏற்றியபோது, அமெரிக்கர் பழைய டயரிலிருந்து மீட்ட ரப்பரை மிகுதியாகப் பயன்படுத்தினர். இருக்கும் டயரைக் காத்து ஓட்டவும் கற்றனர். 1928இல் திட்டம் கைவிடப்பட்டது. பின் வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் விலை பாதாளத்தில் வீழ, ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். டயரின் ஆயுள்தான் இதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. மோட்டார்களின் பெருக்கம் அந்தக் குறைவை ஈடுசெய்து மிஞ்சியே நின்றது. ஆயினும் நம் பாட்டன்மார் கூலி அக்ரோனில் ஒரு டயர் எத்தனை மைல் ஓடுகிறது என்பதோடும் பிணைந்திருந்தது. அவர்கள் அதனை அறிந்தாரில்லை.

1942இல் மலாயா வீழ்ந்ததும் இது தலைகீழாயிற்று. அமெரிக்காவில் அவ்வாண்டு முதன்முதல் பங்கீட்டுக்கு உட்பட்ட பொருள் டயரே. வேகத்தை மணிக்கு 35 மைலாகக் குறைத்தனர். பெட்ரோல் ஏராளமாயிருந்த பகுதிகளிலும் அதைப் பங்கிட்டனர், டயர் தேயாதிருக்க வேண்டி. வேகம் குறைந்தால் சூடு குறையும், சூடு குறைந்தால் ஆயுள் கூடும். அதே காலத்தில் தோட்டத் தமிழர்களைச் சயாம் மரண ரயில்பாதைக்கு இழுத்துச் சென்றனர். போர்க்காலத்தில் பெருகிய செயற்கை ரப்பர் சிறிய டயருக்குப் போதுமாயிருந்தது. பாரமேற்றும் பெரிய டயரிலோ உள்ளே சூடேறிக் கெட்டது. இழுபடும்போது தன் இழைகளைப் படிகமாக ஒழுங்குபடுத்திக்கொண்டு விரிசலைத் தடுப்பது பால்மர ரப்பரின் இயல்பு. ஆதலின் இன்றும் லாரி டயரில் அதன் பங்கு பெரிது. விமான டயரிலோ மிகப் பெரிது.

டயரின் ஆயுள் மங்கிலேயே தொடங்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பாலில் சிறிதளவு செம்பு கலந்தாலும் ரப்பர் விரைந்து சிதையும். ஆகவே செம்பு, பித்தளைப் பாத்திரங்கள் பாலுக்கு ஆகா. 1965இல் மலேசியா தர ரப்பர் முறை வந்தபின், பார்வைக்குப் பதில் அழுக்கின் அளவைச் சோதித்து வகை பிரித்தனர். அவ்வகைகளுள் டயர்த் தொழிற்சாலைகள் பெரிதும் விரும்புவது மங்கிலேயே உறைந்த பாலிலிருந்து செய்வது. நம் தாய்மார் கூடையில் சேர்த்த, வெள்ளைப்பாலுக்குக் கீழாக விலைபோன அந்த ஒட்டுப்பாலுக்கு வந்த வாழ்வு இது!

இனிப் பிக்கப் வண்டிக்கு வருவோம். ஃபோர்டு கம்பெனி 1925இல் தன் தொழிற்சாலையிலேயே பிக்கப் கட்டி விற்றது. இன்று மலாக்காத் தோட்டங்களில் ஹைலக்சும் டிரைட்டனும் ஓடுகின்றன. ரப்பர் நின்ற நிலத்தில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. அதனூடே செம்மண் சடக்கு. புதுவண்டியில் தொழிற்சாலை பூட்டித் தரும் டயர் பெரும்பாலும் தார்ச்சாலையை மனத்தில் வைத்தது. ஓசை குறையவும் எண்ணெய் மிச்சமாகவும் தேர்ந்தெடுப்பர். தார்ச்சாலையில் 40,000 முதல் 60,000 கி.மீ. வரை உழைப்பதைப் பலர் கண்டிருக்கிறார்கள். கூர்ங்கல் நிறைந்த சடக்கில் அவ்வளவு எதிர்பார்க்கலாகாது. பூ தேய்வதில்லை, பிய்கிறது. மழைநாளில் வெறும் வண்டியின் பின்பக்கம் இலேசாயிருப்பதால் சக்கரம் சறுக்கும். பாரமேற்றினாலோ காற்றை அதற்கேற்பக் கூட்டாதவன் டயரைச் சுட்டுக் கெடுக்கிறான். பூவின் பள்ளத்தில் 1.6 மி.மீ. உயரத்தில் சிறு மேடுகள் உண்டு; பூ அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் சட்டப்படி டயரை மாற்ற வேண்டும்.

ஆனால் என் மைத்துனர் வண்டியின் டயர் அந்த மட்டத்தை நெருங்கவே இல்லை. ஓசோனிலிருந்து ரப்பரைக் காக்க டயரில் மெழுகும் மருந்தும் சேர்ப்பர். சக்கரம் உருண்டு வளையும்போதுதான் அவை மேற்பரப்புக்குக் கசிந்து வரும். நின்றே கிடந்த வண்டியில் அது நிகழவில்லை. எட்டு ஆண்டு வெயிலும் காற்றும் பக்கச்சுவரை வெடிக்கச் செய்தன. நான் பள்ளத்தைப் பார்த்தேன், சுவரைப் பார்க்கவில்லை. ஐந்தாறு ஆண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் கடைக்காரரிடம் காட்டுவதும், பூ எவ்வளவு இருந்தாலும் பத்தாண்டுக்குமேல் ஓட்டாதிருப்பதும் டயர் நிறுவனங்களே கூறும் அறிவுரை.

சென்ற மாதம் ஆறாம் ஆண்டு மாணவர்களை ஆசிரியர்கள் வண்டி நிறுத்துமிடத்துக்கு அழைத்துச் சென்று அந்த நான்கு இலக்கங்களைப் படிக்கச் செய்தேன். கணக்குப் பாடத்துக்கு நல்ல பயிற்சி. ஒன்பது வண்டிகளில் இரண்டின் டயர்கள் ஏழு ஆண்டைக் கடந்திருந்தன. ஒன்று என்னுடையது.