79 நிமிடமா, 91 நிமிடமா? ஒரு ஜூடோ படமும் காணாமல்போன துண்டுகளும்

இன்னைக்கு ஒரு சின்னக் கணக்கோட ஆரம்பிக்கலாம்.

ஒரே படம், ரெண்டு டிவிடி. ஒண்ணு அமெரிக்காவில் வந்தது. ஓடும் நேரம் 79 நிமிடம். இன்னொண்ணு ஜப்பானில் வந்தது. அது 91 நிமிடம். இயக்குநர் அதே ஆள், நடிகர்கள் அதே ஆட்கள், அட்டையில் இருக்கிற பேரும் அதேதான். அப்போ நடுவுல இருக்கிற அந்த 12 நிமிடம் என்ன ஆச்சு?

அந்தப் படத்தோட பேர் ‘சான்ஷிரோ சுகாட்டா’. அகிரா குரோசாவா இயக்கிய முதல் படம். 1943 மார்ச்சில், போர் உச்சத்தில் இருந்தபோது வெளியானது. குரோசாவான்னாலே நமக்குச் சாமுராய், வாள், மழையில் சண்டை எல்லாம்தான் ஞாபகம் வரும். ஆனா அவர் தொடங்கினது வாளில் இல்லை, ஜூடோவில்.

கதைக்குப் பின்னால் உண்மையான வரலாறு உண்டு. 1882-ல் ஜிகோரோ கானோ என்பவர் டோக்கியோவில் கோடோகான் என்ற பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். பழைய ஜுஜுட்சு கலையைச் செதுக்கி, ஜூடோ என்ற புது வடிவம் கொடுத்தார். அவரோட ஆரம்பகால மாணவர்களில் ஒருத்தர் சுனேஜிரோ டொமிட்டா. அவருடைய மகன் சுனேயோ டொமிட்டா எழுதிய நாவல்தான் இந்தப் படமானது. அப்பா காலத்துக் கதையை மகன் எழுதியிருக்கார்னு வெச்சுக்கோங்க.

படத்தில் சான்ஷிரோ ஒரு முரட்டு இளைஞன். ஜுஜுட்சு கத்துக்க வர்றான். வந்த அன்னைக்கே, தனக்குக் கத்துக்கொடுக்க இருந்த ஆட்கள் எல்லாரையும் யானோன்னு ஒரு ஜூடோ குரு தனியாளா ஆற்றில் தூக்கி வீசுவதைப் பார்க்கிறான். அவ்வளவுதான், தன் மரச்செருப்பைக் கழற்றிப் போட்டுட்டு, அந்தக் குருவோட ரிக்‌ஷாவை இழுத்துக்கிட்டுப் போயிடறான். அந்தச் செருப்பு தெருவில் கிடக்குது. மழையில் நனையுது. ஒரு நாய்க்குட்டி அதைக் கடிச்சு விளையாடுது. அப்புறம் பனி விழுது. கடைசியில் தண்ணியில் மிதந்து போகுது. வசனமே இல்லாம, காலம் ஓடிடுச்சுன்னு சொல்லியாச்சு. முதல் படத்திலேயே!

சரி, கணக்குக்கு வருவோம்.

படம் வெளியானபோது அதன் நீளம் சுமார் 97 நிமிடம். 1944-ல் மறுபடி திரையிட்டபோது போர்க்கால அரசின் விதிகள் குறுக்கே வந்தன. 1845 அடி பிலிம் வெட்டப்பட்டது. குரோசாவாவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போர் முடிந்து 1952-ல் டோஹோ நிறுவனம் படத்தை மறுபடி வெளியிட்டபோது, வெட்டின துண்டுகளைத் தேடிப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. அதனால் படத்தின் தொடக்கத்தில் ஒரு அறிவிப்பை வைத்தார்கள். இயக்குநரைக் கேட்காமல் வெட்டப்பட்டது, தொலைந்தது கிடைக்கவில்லை என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கும். விட்டுப்போன இடங்களில் கதையை இணைக்க எழுத்து அட்டைகள் வரும்.

நீங்க ஒரு காட்சியில் ஆழ்ந்திருப்பீங்க. திடீர்னு திரையில் நாலு வரி எழுத்து வந்து “இதற்கிடையே இப்படி நடந்தது”ன்னு சொல்லும். எனக்கு முதல் தடவை அது பழைய காலத்துப் பாணி போலன்னுதான் தோணுச்சு. அது காயத்தின் மேல் போட்ட கட்டுன்னு பிறகுதான் புரிஞ்சது. 2010-ல் அமெரிக்காவில் கிரைட்டீரியன் நிறுவனம் தன் எக்லிப்ஸ் வரிசையில் குரோசாவாவின் முதல் நாலு படங்களை டிவிடியாகக் கொண்டுவந்தபோது, அதில் இருந்தது இந்த 79 நிமிட வடிவம்தான்.

அப்போ ஜப்பான் டிவிடியில் அந்த 12 நிமிடம் எப்படி வந்தது?

மாஸ்கோவுக்கு அருகில் கோஸ்ஃபில்மோஃபோண்ட் என்று ரஷ்ய அரசின் திரைப்படக் காப்பகம் இருக்கிறது. 1945 ஆகஸ்டில் சோவியத் படைகள் மஞ்சூரியாவுக்குள் நுழைந்தபோது, அங்கே ஜப்பானியர் வைத்திருந்த ஏராளமான படச்சுருள்களும் அவர்கள் கைக்குப் போயின. பல ஜப்பானியப் படங்கள் அப்படித்தான் ரஷ்யாவுக்குப் போய்ச் சேர்ந்தன. அந்தக் காப்பகத்தில் 1990-களில் தேடியபோது, சான்ஷிரோவின் தொலைந்த பகுதிகளில் ஒரு பங்கு கிடைத்தது. அதைச் சேர்த்து டோஹோ வெளியிட்டதுதான் 91 நிமிட டிவிடி.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. சொந்த நாட்டு அரசு வெட்டி எறிஞ்சதை, எதிரி நாட்டுப் பெட்டகம் அரை நூற்றாண்டு காலம் காப்பாத்தி வெச்சிருக்கு. அப்பவும் கணக்கு முழுசா நேராகலை. 97-ல் 91 போனால் 6 நிமிடம் இன்னும் பாக்கி.

இது அரசாங்கத்தின் கத்தரி. அடுத்தது டிவிப் பெட்டியின் கத்தரி.

1950-களின் கடைசியில் ஜப்பானிய ஸ்டூடியோக்கள் அகலத்திரைக்கு மாறின. குரோசாவாவின் ‘யோஜிம்போ’ (1961) அப்படிப்பட்ட படம். உயரம் 1 என்றால் அகலம் 2.35. ஆனா அந்தக் காலத்து வீட்டு டிவி கிட்டத்தட்டச் சதுரம். மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை வந்தால் வாடிக்கையாளர் குறை சொல்வார் என்று, விஎச்எஸ் காலத்தில் அகலத்திரைப் படங்களின் பக்கவாட்டை வெட்டி, திரை நிறைகிற மாதிரி கொடுப்பது வழக்கமாக இருந்தது. கணக்குப் போட்டால், படச்சட்டத்தில் ஏறக்குறைய 43 சதவீதம் காணாமல் போகும்.

குடும்பப் படத்தில் இது பெரிய இழப்பாகத் தெரியாமல் போகலாம். சண்டைப் படத்தில் உயிரே போயிடும். ஜப்பானிய வாள்கலையில் ரெண்டு பேருக்கு நடுவில் இருக்கிற தூரத்துக்கே ‘மா-ஐ’ன்னு தனிப் பேர் உண்டு. யார் முதலில் அடி எடுத்து வைப்பாங்க, எந்த இடத்தில் நிப்பாங்க என்பதில்தான் பாதிச் சண்டை முடிவாகுது. திரையின் இந்த ஓரத்தில் ஒருத்தன், அந்த ஓரத்தில் ஒருத்தன், நடுவில் வெறும் காத்து. அந்தச் சட்டத்தை வெட்டினால் ஒருத்தன் தனியா நின்னு முறைச்சுக்கிட்டிருப்பான். யாரைன்னு நமக்குத் தெரியாது. பின்னாடி லேசர்டிஸ்க்கும் டிவிடியும் முழு அகலத்தைக் கொடுத்தபோது, பல பேர் இந்தப் படங்களை உண்மையிலேயே முதல்முறையாகப் பார்த்தார்கள்.

மூணாவது கத்தரிதான் எனக்கு ரொம்பச் சுவாரசியம். அது விநியோகஸ்தரின் கத்தரி.

‘லோன் வுல்ஃப் அண்ட் கப்’ என்ற ஆறு படங்கள் 1972-லிருந்து 1974-க்குள் வந்தன. டொமிசாபுரோ வாகயாமா நாயகன். ஷோகனின் மரண தண்டனை அதிகாரியாக இருந்தவன், சதியில் சிக்கி, தன் சின்ன மகனை மரத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு கூலிக்குக் கொலை செய்கிறவனாக அலைகிறான். 1980-ல் அமெரிக்காவில் ராபர்ட் ஹூஸ்டன், டேவிட் வைஸ்மன் என்ற ரெண்டு பேர் முதல் படத்திலிருந்து சுமார் 12 நிமிடம், ரெண்டாவது படத்திலிருந்து பெரும்பகுதி எடுத்து ஒட்டினாங்க. ஆங்கில டப்பிங், சிந்தசைசர் இசை, கதை சொல்ல ஒரு சிறுவனின் குரல். பேர் ‘ஷோகன் அஸாஸின்’.

மூலப் படத்தில் அந்தக் குழந்தை பேசுவதே அபூர்வம். அவன் மௌனத்தில்தான் பயமே இருக்கு. இங்கே அவன்தான் கதைசொல்லி. குலங்களுக்கு நடுவில் நடக்கிற சிக்கலான அரசியல், “ஷோகன் கெட்டவன்” என்ற ஒரே வரியாகச் சுருங்கிடுச்சு.

அப்போ இது குப்பையா? அதுதான் இல்லை. வீடியோ கேசட்டில் இதைப் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறை உண்டு. 1995-ல் ராப் பாடகர் ஜிஸா தன் ‘லிக்விட் ஸ்வார்ட்ஸ்’ ஆல்பத்தை அந்தச் சிறுவனின் குரலோடுதான் தொடங்கினார். டாரன்டினோவின் ‘கில் பில்’ இரண்டாம் பாகத்தில் (2004) குட்டிப் பொண்ணு தூங்கப் போகும் முன் பார்க்கக் கேட்பதும் இந்தப் படத்தைத்தான். வெட்டி ஒட்டினதும் ஒரு வரலாறாகிடுச்சு. 2016-ல் கிரைட்டீரியன் ப்ளூ-ரே பெட்டி கொண்டுவந்தபோது, ஆறு படங்களையும் முழுசா சீரமைச்சுக் கொடுத்தாங்க, கூடவே ‘ஷோகன் அஸாஸின்’ படத்தையும் வெச்சாங்க. எது மூலம், எது ஒட்டுவேலை என்று நாமே பக்கத்தில் வெச்சுப் பார்க்கலாம். எனக்கு அது நேர்மையான வழியாத் தோணுது.

இப்போ நம்ம காலத்துக்கு வருவோம். படம் தேடும்போது நாம முதலில் கேட்கிற கேள்வி, “4கே இருக்கா?” நியாயமான கேள்விதான். ஆனா ‘செவன் சாமுராய்’ (1954) படத்தையே எடுத்துக்கோங்க. அதன் மூல நெகட்டிவ் இன்று இல்லை. 2024-ல் வந்த 4கே டிஸ்க், அடுத்த தலைமுறைப் பிரதிகளிலிருந்து உழைத்து மீட்டது. 207 நிமிடப் படமான அது, வெளிநாடுகளில் பல காலம் சுமார் 160 நிமிடமாக வெட்டப்பட்டுத்தான் ஓடியது. அந்த வெட்டுப்பட்ட வடிவத்தை எத்தனை கே-யில் போட்டாலும், போன முக்கால் மணி நேரம் திரும்பி வருமா?

டிஸ்க் வாங்கின காலத்தில் அட்டையின் பின்பக்கத்தில் நிமிடம், சட்ட அளவு எல்லாம் அச்சடிச்சிருக்கும். ரெண்டு பதிப்பைக் கையில் வெச்சு ஒப்பிடலாம். ஸ்ட்ரீமிங்கில் ஒரே ஒரு வடிவம்தான் வந்து நிக்கும். நாம அதைத்தான் படம்னு நம்பிடுவோம்.

அதனால் அடுத்த முறை ஒரு பழைய படத்தைத் தொடும் முன், எத்தனை கே-ன்னு கேக்கறதுக்கு முன்னாடி எத்தனை நிமிடம்னு கேளுங்க. வெளியானபோது எத்தனை நிமிடம் இருந்ததுன்னு ஒரு தடவை தேடிப் பாருங்க. ரெண்டும் ஒத்துப்போகலைன்னா, அந்த இடைவெளிக்குள்ளே ஒரு கதை இருக்கும்.

சான்ஷிரோவில் ஒரு காட்சி. தெருச்சண்டை போட்டதுக்காகக் குரு திட்டினதும், அவன் தாமரைக் குளத்தில் குதிச்சு, ஒரு கட்டையைப் பிடிச்சுக்கிட்டு ராத்திரி முழுக்கத் தண்ணியிலேயே கிடப்பான். விடியும்போது ஒரு தாமரை மலர்வதைப் பார்ப்பான். அந்தக் காட்சி 79 நிமிட வடிவத்திலும் இருக்கு, 91 நிமிட வடிவத்திலும் இருக்கு. தப்பிச்சதைப் பார்த்துச் சந்தோஷப்படலாம். இன்னும் கிடைக்காத அந்த 6 நிமிடமும் எங்கேயாவது ஒரு தகரப் பெட்டிக்குள்ளே கிடக்கும்னு நம்பலாம்.