நர்ஸ் படிக்கிறவளுக்குச் சோறு போட்டது யார்?



நம் பள்ளியில் படித்த பெண் ஒருத்தி போன வாரம் அமெரிக்காவிலிருந்து போன் செய்தாள். பெயர் சொல்ல மாட்டேன். வயது 36, இரண்டு பிள்ளைகள், பகலில் ஒரு கடையில் பில் போடும் வேலை. நர்சிங் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. "டீச்சர், இந்த வயசுல உனக்கு எதுக்குடி இதெல்லாம்னு எங்கம்மாவே கேக்குறாங்க. பிள்ளைங்க, வேலை, கடன் எல்லாத்தையும் வெச்சுக்கிட்டு யாராவது நர்சிங் படிச்சிருக்காங்களா?" என்றாள்.

சரித்திர டீச்சரிடம் கேட்டால் சரித்திரம்தானே வரும். பாதியைப் போனில் சொன்னேன், மீதியை இங்கே எழுதுகிறேன். நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு வந்து நிதானமாகப் படியுங்கள்.

நர்சிங் என்றதும் கையில் விளக்கோடு நிற்கும் நைட்டிங்கேல் அம்மையார் படம் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அந்தக் கதையில் பாடப்புத்தகம் விட்டுவிடுகிற ஒரு விஷயம் உண்டு, பணம். கிரிமியப் போர் நடந்தபோது அவர் பெயரில் இங்கிலாந்து மக்கள் நன்கொடை திரட்டினார்கள். ஏறக்குறைய 45,000 பவுண்டு சேர்ந்தது. அதைக் கொண்டுதான் 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. முதல் வகுப்பில் 15 பெண்கள். பயிற்சி ஓராண்டு. தங்க இடம், சாப்பாடு, துணி வெளுப்பு, சீருடை எல்லாம் பள்ளியின் செலவு. அதற்கு மேல் கைச்செலவுக்கு ஆண்டுக்கு 10 பவுண்டும் கொடுத்தார்கள்.

பதிலுக்கு அவர்கள் வார்டில் வேலை செய்ய வேண்டும். நேரம் தவறாமை, சத்தம் போடாமல் நடப்பது, சுத்தம், நம்பகம் என்று மாதாமாதம் நடத்தைப் பதிவேட்டில் குறிப்பு எழுதப்படும். நம் பள்ளி மார்க் ஷீட்டை விடக் கண்டிப்பான ஏடு அது!

கையில் காசில்லாத பெண்ணும் ஒரு தொழிலைக் கற்றுக்கொள்ள வழி பிறந்தது இப்படித்தான். ஆனால் சில காலம் கழித்து வசதியான வீட்டுப் பெண்கள் தங்கள் சாப்பாட்டுச் செலவைத் தாங்களே கட்டிச் சேர்ந்தார்கள். மேட்ரன் போன்ற பெரிய பொறுப்புகளுக்கு ஆள் எடுத்ததும் பெரும்பாலும் அவர்களிடமிருந்துதான். காசு அங்கேயும் தனக்கென்று ஒரு படிக்கட்டு கட்டிக்கொண்டது.

இலவசச் சாப்பாட்டுக்கு வேறொரு விலையும் இருந்தது. மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே குடியிருக்க வேண்டும். பகல் டியூட்டி, ராத்திரி டியூட்டி, நடுவில் பாடம். குடும்பம் என்று ஒன்று இருந்தால் அதை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு வர வேண்டும். பிள்ளை பெற்றவள் இதில் எங்கே நுழைவாள்?

1873-ல் அமெரிக்காவில் நியூயார்க், நியூ ஹேவன், பாஸ்டன் மூன்று ஊர்களிலும் இதே மாதிரிப் பள்ளிகள் வந்தன. மருத்துவமனை நிர்வாகங்களுக்குச் சீக்கிரமே ஒரு கணக்கு புரிந்துவிட்டது. மாணவிகளை வைத்தே வார்டுகளை நடத்தினால் சம்பளச் செலவு மிச்சம். பிறகென்ன, சின்னச் சின்ன மருத்துவமனை கூட ஒரு நர்சிங் பள்ளி திறந்தது. படித்து முடித்தவர்களுக்கு அங்கேயே வேலை கிடைப்பது அரிது. அவர்கள் தனியார் வீடுகளில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் போனார்கள். படிக்கும்போது கல்யாணம் செய்துகொண்டால் பல பள்ளிகளில் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இதைத் தியாகம் என்று புகழ்ந்து எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் பாதி தியாகமாகவும் பாதி மலிவுக் கூலியாகவும் தெரிகிறது.

நம் பக்கம் வருவோம். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871-ல் பயிற்சி தொடங்கியது. அந்நியர் உடம்பைத் தொட வேண்டும், மலம் மூத்திரம் எடுக்க வேண்டும், ராத்திரி வெளியே தங்க வேண்டும் என்பதால் மேல்சாதி வீடுகள் பெண்ணை அனுப்பவில்லை. கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்கள், ஆங்கிலோ இந்தியப் பெண்கள், ஆதரவில்லாத கைம்பெண்கள், இவர்கள்தான் வந்தார்கள். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-ல் நர்சிங் பள்ளி தொடங்கினார். மருத்துவப் பள்ளி அங்கே வந்தது 1918-ல். டாக்டர் படிப்புக்கு முன்னால் நர்ஸ் படிப்பு வந்ததைக் கவனியுங்கள். நர்சுகளைப் பதிவு செய்ய 1926-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது. 1946-ல் வேலூரிலும் டெல்லியிலும் பட்டப்படிப்பு தொடங்கியது. அதே ஆண்டு வெளியான போர் குழு அறிக்கை, 43,000 பேருக்கு ஒரு நர்ஸ் என்று நாட்டின் நிலைமையைச் சொன்னது. ('போர்' என்பது குழுத் தலைவர் பெயர், யுத்தம் அல்ல. வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் யாராவது குழம்புவீர்கள்!)

எங்கள் பெரியம்மா கதையை உறவுகள் அறிவீர்கள், பிள்ளைகளுக்குத் தெரியாது. தாத்தா இறந்தபோது வீட்டில் மூத்தவள் அவள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு 1950-களின் கடைசியில் ஒரு மருத்துவமனையில் பயிற்சிக்குச் சேர்ந்தாள். சேவை மனப்பான்மை என்று பின்னாளில் எல்லோரும் சொன்னார்கள். அவளே சொன்ன காரணம் வேறு: "டீச்சர் டிரெயினிங்னா நாம காசு கட்டணும், நர்ஸ் டிரெயினிங்னா அவங்க சோறு போட்டு ஸ்டைபெண்டும் தருவாங்க." தொகை சின்னதுதான். அதில் சோப்பு, தலைக்கு எண்ணெய் போக மீதியை மணியார்டர் செய்துவிடுவாள். அந்தக் கூப்பன்களைப் பாட்டி ட்ரங்குப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். என் அம்மாவும் மாமாவும் படித்தது அந்தப் பணத்தில். நான் ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்தபோது கட்டணம் கட்டியதும் அவள்தான்.

படிக்கும்போது கல்யாணம் கூடாது. முடித்த பிறகு பாண்டு எழுதிக் கொடுத்தபடி அங்கேயே வேலை பார்க்க வேண்டும். அப்புறம் தம்பி, தங்கை. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் முதலில் கேட்டது "நைட் டியூட்டி உண்டா?" என்று. 31 வயதில் கல்யாணம் நடந்தது. அந்தக் காலத்தில் அது என்ன வயது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்.

ஆக, பணமில்லாதவளுக்குக் கதவு திறந்திருந்தது, ஆனால் தனியாக வர வேண்டும். குடும்பத்தோடு இருப்பவளுக்குக் கதவு எப்போது திறந்தது?

இதற்குப் பதில் தேடினால் மறுபடி அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டும். இரண்டாம் உலகப் போரில் நர்சுகள் ராணுவத்துக்குப் போனதால் உள்நாட்டு மருத்துவமனைகளில் ஆள் இல்லை. ஒஹாயோ மாநிலத்துப் பெண் உறுப்பினர் பிரான்சஸ் போல்டன் 1943-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். படிப்புக் கட்டணம், புத்தகம், சீருடை எல்லாம் அரசு கொடுத்தது. கைச்செலவுக்கு முதல் ஒன்பது மாதம் 15 டாலர், அடுத்து 20, கடைசிக் கட்டத்தில் 30 என்று மாதாமாதம் வந்தது. நிறம், இனம் பார்த்து ஒதுக்கக் கூடாது என்றும் சட்டத்தில் எழுதினார்கள். 1,20,000-க்கும் மேற்பட்டவர்கள் அதில் படித்து முடித்தார்கள். சில ஆண்டுகளுக்குள் இத்தனை பேர்! பணத் தடையை எடுத்தால் எத்தனை பெண்கள் காத்திருந்தார்கள் என்பது தெரிந்துவிட்டது.

போர் முடிந்ததும் அந்தப் பணம் நின்றது. ஆள் பற்றாக்குறை நிற்கவில்லை. அப்போதுதான் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் மில்ட்ரட் மான்டேக் என்ற அம்மையார் தம் ஆய்வில் ஒரு யோசனை எழுதினார். நர்சிங் படிப்பை மருத்துவமனையிடமிருந்து எடுத்து ஊர்க் கல்லூரிகளுக்குக் கொடுங்கள். இரண்டு ஆண்டு போதும். மாணவி வார்டுக்குப் போவது கற்க, வார்டை நடத்த அல்ல. 1952-ல் ஏழு கல்லூரிகளையும் ஒரு மருத்துவமனையையும் கொண்டு சோதனை தொடங்கியது. வீட்டிலிருந்தே போய் வரலாம் என்றானதும் வந்தவர்கள் யார் தெரியுமா? கல்யாணமானவர்கள், பிள்ளை பெற்றவர்கள், வயது கூடியவர்கள், ஆண்களும் கூட. உரிமத் தேர்விலும் தேறினார்கள். விடுதிக் கட்டாயம் போனதும் குடும்பக்காரி உள்ளே வந்துவிட்டாள். சத்தமில்லாமல் நடந்த பெரிய மாற்றம் என்றால் நான் இதைச் சொல்வேன். நைட்டிங்கேலுக்கு ஊரெல்லாம் சிலை, மான்டேக் பெயரை எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்?

போன் செய்த பெண் சேர நினைப்பது இந்த வழியில் வந்த கல்லூரியில்தான். அவளிடம் சொன்னதை மற்றவர்களுக்கும் சொல்கிறேன். உடற்கூறு, உடலியங்கியல், நுண்ணுயிரியல் பாடங்களை முதலில் முடித்துவிட்டுத்தான் நர்சிங் வகுப்பில் இடம் கேட்க முடியும். பல கல்லூரிகளில் இவற்றை மாலை நேரத்தில் படிக்கலாம். வேலையை விடாமல் செய்யக்கூடிய பகுதி இதுதான். ஒரு பருவத்துக்கு ஒரு பாடம் போதும், அவசரப்பட்டு மார்க்கைக் கெடுத்துக்கொண்டால் இடம் கிடைக்காது. ரொம்ப இழுத்தாலும் பழைய மார்க்கைச் சில கல்லூரிகள் ஏற்பதில்லை. வார்டுப் பயிற்சி விடியற்காலையிலேயே தொடங்கும். அப்போது முழுநேர வேலை கஷ்டம். ஆகவே சேமிப்பை அந்த மாதங்களுக்கு என்று ஒதுக்கி வைக்க வேண்டும். பிள்ளைகளைக் காலையில் பள்ளிக்கு யார் அனுப்புவது என்று கணவரோடு இப்போதே பேசி முடிக்க வேண்டும். இரண்டாண்டுப் படிப்பு முடித்தவரும் நான்காண்டு முடித்தவரும் எழுதுவது ஒரே உரிமத் தேர்வைத்தான் என்பது அவளுக்குத் தெம்பாக இருந்தது.

பழைய காலம் போய்விட்டது என்று நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்தில் நர்சிங் மாணவர்களுக்குத் தந்துவந்த உதவித்தொகையை 2017-ல் நிறுத்திக் கடன் வாங்கிப் படியுங்கள் என்றார்கள். அந்த ஆண்டே விண்ணப்பங்கள் ஏறக்குறைய கால் பங்கு குறைந்தன. அதிகம் பின்வாங்கியவர்கள் குடும்பமும் பொறுப்பும் உள்ள வயது கூடியவர்கள். 2020-ல் ஆண்டுக்கு 5,000 பவுண்டு என்று மறுபடி கொடுக்க ஆரம்பித்தார்கள்.

நம் ஊரில் சோறு போட்டுப் படிக்கவைத்த காலம் மாறி, தனியார் கல்லூரிகளில் லட்சக்கணக்கில் கட்டணம் கட்டும் காலம் இது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்கு 2022 முதல் மாதம் 1,000 ரூபாய் புதுமைப் பெண் திட்டத்தில் வருகிறது. பெரியம்மாவின் ஸ்டைபெண்டு ஞாபகம் வந்தது எனக்கு. கல்விக் கடன் 4 லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் கிடைக்கும், மேனேஜர் முகம் சுளித்தாலும் விதியைச் சொல்லிக் கேளுங்கள். ஆனால் பகலில் வேலை பார்த்து மாலையில் நர்சிங் படிக்கும் வழி இங்கே இன்னும் இல்லை. பள்ளியில் படித்துக் கல்யாணமாகிப் போன எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு மூன்று வருஷம் முழுநேரம் என்றுதான் சொல்ல முடிகிறது.

உங்களில் நர்ஸ்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். சவுதியில், லண்டனில், நம்ம ஜில்லா ஆஸ்பத்திரியில். பிள்ளையை அம்மா வீட்டில் விட்டுப் படித்தவள், நகை அடகு வைத்துப் படித்தவள், கணவர் சமைத்துப் போட்டுப் படித்தவள், எல்லோரையும் எனக்குத் தெரியும். எப்படிச் சமாளித்தீர்கள், எந்த மாதம் ரொம்பக் கஷ்டமாக இருந்தது என்று கீழே எழுதுங்கள். அந்தப் பெண் படிப்பாள். அவள் அம்மாவும் என் நட்பு வட்டத்தில் இருக்கிறார்.