மொரீஷியஸ் ரூபாயும் அதில் நிற்கும் தமிழும்

நமது சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தரும்படி செயலாளர் அவர்கள் பணித்தபொழுது, பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்ட அடியேன் பெரிதும் தயங்கினேன். இலக்கியம் எழுதப் புலவர்கள் இருக்கின்றனர். சமயம் எழுதப் பெரியோர் இருக்கின்றனர். இரயில்வே பயணச்சீட்டு அறையில் நாள் முழுதும் அமர்ந்திருக்கும் குமாஸ்தாவுக்குத் தெரிந்த பொருள் பணம் ஒன்றே. அதுவும் பிறர் பணம். ஆகவே அதைப் பற்றியே எழுதத் துணிந்தேன். ஆனால் நம் நாட்டுப் பணத்தைப் பற்றியன்று. ஆப்பிரிக்காவின் கிழக்கே, மடகாஸ்கருக்கும் அப்பால், இந்துமாக்கடலில் கிடக்கும் மொரீஷியஸ் என்னும் சிறு தீவின் பணத்தைப் பற்றி எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் காலை, பழனிக்குச் சீட்டு வேண்டி ஒரு முதியவர் தம் குடும்பத்தோடு எனது சாளரத்திற்கு வந்தார். நெற்றியில் திருநீறு, பேச்சோ ஆங்கிலமும் பிரெஞ்சும் கலந்த ஏதோ ஒன்று. அவர் நீட்டிய நோட்டுகளுக்கு நடுவே நிறம் மாறிய நோட்டு ஒன்று வந்துவிட்டது. திருப்பிக் கொடுக்கப்போனவன் ஒரு கணம் நின்றுவிட்டேன். அந்த அயல்நாட்டு நோட்டில் ஆங்கிலத்தை அடுத்து “நூறு ரூபாய்” என்று நல்ல தமிழில் அச்சிட்டிருந்தது. தமிழ் எண்ணும் இருந்தது. நம் பிள்ளைகளுக்கே மறந்துபோன அந்தப் பழைய எண்! முதியவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்து, தம் மார்பைத் தொட்டு, “தமிழ், தமிழ்” என்றார். அதற்குமேல் தமிழில் அவருக்கு வரவில்லை.

அன்று தொடங்கிய ஆர்வத்தினால் கிடைத்த நூல்களைத் தேடிப் படித்தேன். படித்தவற்றுள் முக்கியமானவற்றைக் கீழே தருகிறேன்.

அத்தீவில் மனிதர் குடியேறியது பிற்காலத்தில்தான். 1598-ல் டச்சுக்காரர் வந்து தம் நாட்டு இளவரசர் மாரிஸ் என்பவரின் பெயரை அதற்கு இட்டனர். 1710-ல் விட்டுப் போயினர். 1715-ல் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினர். 1735-ல் ஆளுநராக வந்த லா பூர்தொனே என்பவர் போர்ட் லூயிஸ் துறைமுகத்தைக் கட்ட முனைந்தபொழுது, புதுச்சேரிப் பக்கத்திலிருந்து தமிழ்க் கொத்தர்களும் தச்சர்களும் அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். 1810-ல் தீவு ஆங்கிலேயர் வசமாயிற்று. அடிமை முறை ஒழிக்கப்பட்டதும், 1834 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் கப்பல் கப்பலாக ஏற்றப்பட்டனர். கல்கத்தாவிலிருந்து சென்றவர்களே மிகுதி. சென்னையிலிருந்தும் பல்லாயிரவர் சென்றனர். அவர்கள் இறங்கிய படித்துறை, ஆப்ரவாசி காட் என்ற பெயரில், 2006-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

இனி, பணத்திற்கு வருவோம். ஆங்கிலேய ஆட்சியின் முற்பகுதியில் அங்கே கணக்கு ஒரே குழப்பமாக இருந்தது. சர்க்காருக்குப் பவுன் கணக்கு. வணிகருக்கு டாலர் கணக்கு. அரிசிக்காரனுக்கும் கூலிக்காரனுக்கும் இந்திய ரூபாய். மூன்று கணக்கு எழுதும் குமாஸ்தாவின் நிலையை எண்ணி நான் உண்மையாகவே இரங்குகிறேன். முடிவில் வென்றது ரூபாய்தான். தீவு உண்ட அரிசி இந்தியாவிலிருந்து வந்தது; உழைத்த கைகளும் அங்கிருந்து வந்தவை. 1876-ல் சட்டம் செய்து, 1877 முதல் ரூபாயையே தீவின் பணமாக்கினர்.

இங்கே ஒரு புதுமையைக் கவனிக்க வேண்டும். மொரீஷியஸ் அரசு 5, 10, 50 ரூபாய் நோட்டுகளையும், சதம் என்னும் சில்லறை நாணயங்களையும் வெளியிட்டதே ஒழிய, ஒரு ரூபாய் நாணயத்தைத் தனக்கென அடிக்கவில்லை. இந்தியாவில் அடித்த வெள்ளி ரூபாயே அங்கும் செல்லுபடியாயிற்று. ஒரு தோலா எடை, பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. மொரீஷியஸ் தனக்கென வெள்ளி ரூபாய் அடித்தது 1934-ல்தான். ஐம்பத்தேழு ஆண்டுகள் அத்தீவின் ரூபாய் நம் ரூபாயாகவே இருந்தது.

நம் அகளி அந்நாளில் சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவைச் சேர்ந்தது. ஆகவே பவானிக் கரையில் ஒருவன் மடியில் முடிந்திருந்த ரூபாயும், ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் கரும்பு வெட்டியவன் கூலியாகப் பெற்ற ரூபாயும் ஒன்றே. இதே மலைத்தொடரில் தெற்கே போய்த் தேவிகுளம், பீர்மேடு பக்கம் இறங்கினாலோ திருவிதாங்கூர் அரசு. அங்கே சக்கரக் கணக்கு! பதினாறு காசு ஒரு சக்கரம், நான்கு சக்கரம் ஒரு பணம். ஆங்கிலேயரின் ஒரு ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம். மிளகளவே தோன்றும் அந்த வெள்ளிச் சக்கரங்களை ஒவ்வொன்றாக எண்ண மாட்டாமல், குழிகள் நிறைந்த பலகையில் கொட்டிக் குலுக்கி எண்ணினார்கள். பக்கத்து மலைக்குப் போனால் செல்லாத கணக்கு, கடல் கடந்த தீவில் செல்லுபடியாயிற்று என்பதை நினைக்க வியப்பாக இருக்கிறது.

மற்றொரு வியப்பும் உண்டு. நாம் ரூபாய்க்குப் பதினாறு அணா என்று எண்ணிக்கொண்டிருந்த காலத்திலேயே, அவர்கள் ரூபாய்க்கு நூறு சதம் என்று வகுத்துவிட்டனர். இலங்கையில் அது 1872-லேயே வந்துவிட்டது. நமக்கு நூறு காசு வந்தது 1957 ஏப்ரல் 1-ஆம் தேதிதான். அந்தப் புதுப் பைசாவைக் கண்டு நம் பாட்டிமார் பட்ட பாட்டை வீடுதோறும் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

ரூபாய் கடல் கடந்தது இத்தீவுக்கு மட்டுமன்று. 1896 முதல் 1901 வரை மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிக்கரை வரை உகாண்டா இரயில்பாதை போட்டவர்கள் பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து சென்ற நம்மவர்களே. அப்பாதை போன வழியெல்லாம் ரூபாயும் போயிற்று. 1920-ல் ஃபுளோரின் வந்து, அடுத்து ஷில்லிங் வரும்வரை கென்யாவில் ரூபாயே வழங்கிற்று. ஜெர்மானியர் ஆண்ட தாங்கனீக்காவில் கூடத் தங்கள் பேரரசரின் தலையைப் பொறித்து ‘ரூப்பி’ என்றே நாணயம் அடித்தார்கள். இரயில்வேக்காரன் ஆதலால் இதைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. அந்நாடுகளில் எல்லாம் ரூபாய் மறைந்தது. மொரீஷியஸிலோ நிலைத்தது.

நிலைத்ததற்கு விலையும் கொடுத்தது. 1870-களில் தொடங்கி உலகச் சந்தையில் வெள்ளி விலை வீழ்ந்தபொழுது இந்திய ரூபாய் தேய்ந்தது. உடன் கட்டுண்ட மொரீஷியஸ் ரூபாயும் தேய்ந்தது. 1934-ல் அது நம்மை விட்டு ஆங்கிலப் பவுனோடு நேராகப் பிணைக்கப்பட்டது. அன்று பிரிந்தவை பிரிந்தவைதாம். இன்று அவர்களுடைய ஒரு ரூபாய்க்கு நம் ரூபாய் ஒன்றரைக்கு மேல் தரவேண்டும்.

நாணயங்களின் உருவங்களைச் சிறிது பார்ப்போம். விக்டோரியா தொடங்கி இரண்டாம் எலிசபெத் வரை முடி மன்னர் தலைகளே ஒரு புறம். மறுபுறம், அரை ரூபாயில் ஒரு மான் நிற்கிறது. டச்சுக்காரர் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து விட்ட கடமான் இனம் அத்தீவில் பெருகிற்று. நம் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டில் உள்ள கடமானுக்கு உறவுமுறை. நாட்டுச் சின்னத்தில் கடமானுக்கு எதிரே நிற்பது டோடோ என்னும் பறவை. பறக்கத் தெரியாத அப்பறவை, டச்சுக்காரர் வந்து நூறாண்டு செல்லுமுன் அற்றுப் போயிற்று. இன்று நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் நீர்க்குறியாகத் தெரிவது அந்த டோடோவின் தலைதான். 1968 மார்ச் 12-ல் நாடு விடுதலை பெற்றது. அரசியார் தலை நீங்கி, 1987 முதல் முதற் பிரதமர் சீவூசாகர் ராம்கூலம் அவர்களின் தலை நாணயத்தில் வந்தது. 1997-ல் வந்த பத்து ரூபாய் நாணயத்தில் கரும்பு வெட்டும் காட்சி. அதைக் காணுந்தோறும் வெட்டியவர்களுள் நம்மூர்க்காரனும் இருந்தான் என்று எனக்குத் தோன்றும்.

இப்பொழுது என் சாளரத்திற்கு வந்த நூறு ரூபாய் நோட்டின் கதை. 1967-ல் பணம் வெளியிடும் பொறுப்பு மொரீஷியஸ் வங்கிக்கு வந்தது. அவ்வங்கி 1998-ல் 25 முதல் 2,000 வரை ஏழு புது நோட்டுகளை வெளியிட்டது. ஒவ்வொன்றிலும் நாட்டுக்கு உழைத்த ஒரு பெரியவரின் படம். பலவகை மக்களுக்கும் இடம் தந்திருந்தார்கள்: சீன வம்சத்தவர், முஸ்லிம், கிரியோல், பிரெஞ்சு வழியினர் எனப் பலர். நூறு ரூபாயில் இருப்பவர் நம்மவர்: ரெங்கநாதன் சீனிவாசன். 1958-ல் காலமான வழக்கறிஞர், அரசியல் தலைவர். படம் போட்டு மரியாதை செய்தும் என்ன, எழுத்தில் ஒரு மாற்றம் நேர்ந்துவிட்டது. அதுவரை ஆங்கிலம், தமிழ், இந்தி என்று இருந்த வரிசை, புது நோட்டுகளில் ஆங்கிலம், இந்தி, தமிழ் என்று மாறிவிட்டது.

தமிழர்கள் எதிர்த்தார்கள். தங்கள் முன்னோர் பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே வந்து துறைமுகம் கட்டியவர்கள் என்பது அவர்கள் வாதம். எண்ணிக்கையில் அவர்கள் சிறுபான்மையினர்; தீவின் இந்திய வம்சத்தவருள் பீகார் வழியினரே மிகுதி. எனினும் அரசு செவிசாய்த்தது. 1999 ஜூன் மாதத்தில் புது நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. பழைய வரிசையில் மீண்டும் அச்சிட்டு வெளியிட்டார்கள்.

ஒரு வரி மேலே இருந்தால் என்ன, கீழே இருந்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். முதலில் யானும் அவ்வாறே எண்ணினேன். நம் நாட்டு நோட்டின் பின்புறத்தில் பதினைந்து மொழிகள் நிற்கின்றன. ஆங்கில அகரவரிசைப்படி தமிழ் பதின்மூன்றாவது, மலையாளம் ஏழாவது. அதற்காக யாரும் சண்டையிட்டதில்லை. ஆனால் நமக்குத் தமிழ் பேருந்திலும் உண்டு, கடைப்பலகையிலும் உண்டு, அடுப்படியிலும் உண்டு. அந்த முதியவர் வீட்டில் பேச்சு கிரியோல். பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும். கோயிலில் தேவாரம் கேட்கிறார். தைப்பூசத்தில் காவடி எடுக்கிறார், அந்நாள் அங்கே அரசு விடுமுறை. மற்றபடி அன்றாடம் அவர் கையில் புழங்கும் தமிழ் அந்த நோட்டில் உள்ளதுதான். மலையாளப் பள்ளியில் படிக்கும் என் மகள், தமிழில் தன் பெயரை எழுதக் கேட்டால் ‘ழ’கரத்தில் வந்து நின்றுவிடுகிறாள். இரண்டையும் சேர்த்து நினைத்த பிறகு அந்தக் கேள்வியை நான் கேட்பதில்லை.

2013-ல் 25, 50, 500 ரூபாய் நோட்டுகளைக் காகிதத்தை விட்டுப் பாலிமரில் அச்சிட்டார்கள். தமிழ் தன் இரண்டாம் இடத்தில்தான் நிற்கிறது.

முதியவர் நூறு ரூபாயைப் பத்திரமாக உள்ளே வைத்துக்கொண்டு, நம் பணத்தில் சீட்டு வாங்கினார். போகும்போது தம் நாட்டு ஒரு ரூபாய் நாணயம் ஒன்றை எனக்கு நினைவாகக் கொடுக்க வந்தார். சாளரத்தில் இருந்துகொண்டு அன்பளிப்புப் பெறலாகாது. ஆகவே என் சொந்தப் பையிலிருந்து நம் ஒரு ரூபாயை எடுத்துக் கொடுத்து, ரூபாய்க்கு ரூபாய் மாற்றிக்கொண்டேன். 1877-ன் கணக்கு அதுதானே. அந்த நாணயத்தை ஆண்டு விழா அன்று மண்டபத்தின் வாயில் மேசையில் வைக்கிறேன். பிள்ளைகள் எடுத்துப் பார்க்கலாம். அதில் தமிழ் இராது. நோட்டில் உள்ள எழுத்தையும் எண்ணையும் அன்றே ஒரு தாளில் பார்த்து எழுதி வைத்துக்கொண்டேன், அத்தாளும் பக்கத்தில் இருக்கும்.